மரம் இசையும் உருவம்: நாட்டார் செதுக்கலும் நவீன மரச்சிற்பமும்

நவீன மரச்சிற்பம் ஒன்றை முதன்முறையாகப் பார்ப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "இன்னும் வேலை முடியவில்லையோ?" என்பது ஒன்று. "எங்களூர் ஆசாரியார் இதைவிட வடிவாகச் செய்வாரே" என்பது மற்றது. விரல்கள் பிரிக்கப்படாத கை, இரண்டு கீறலில் அடங்கிவிட்ட முகம், தேய்த்து மினுக்கப்படாமல் உளித்தடத்தோடு நிற்கும் முதுகு ஆகியவற்றைக் கண்டவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இரண்டாவது கூற்று, அதைச் சொல்பவர் நினைப்பதைவிட உண்மைக்கு நெருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிற்பிகள் சிலர் கலைக்கல்லூரியில் கற்ற உடற்கூற்றையும் பளிங்கு அழகையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஊர்த் தச்சரும் பொம்மைக்காரரும் கப்பல் முகப்புச் சிலை செதுக்கியவரும் மரத்தில் எப்படி உருவம் கண்டார்கள் என்று தேடிப் போனார்கள். நாட்டார் கலையின் தாக்கம் பெற்ற நவீன மரச்சிற்பம் என்று நூல்கள் குறிப்பிடுவது அந்தத் தேடலின் விளைவையே.

நாட்டார் செதுக்கல் என்றால் என்ன என்பதை வன்னியில் வரைவிலக்கணம் சொல்லி விளக்கவேண்டியதில்லை. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் பின்னேரம் முருகன் கோயில் வீதிக்குப் போனால் போதும். சூரன் போருக்கு வரும் சூரனைத் திருவிழாக் கண்ணோடு பார்க்காமல் ஒரு செதுக்கு வேலையாகச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். கண்கள் முகத்தின் அளவுக்குப் பொருந்தாதபடி பெரிதாக, உருண்டையாக, வெளியே தள்ளி நிற்கும். மீசை ஒரே வளைவில் மேலேறும். கழுத்து நேரான தடித்த உருளையாக இருக்கும். எந்த மனிதனுக்கும் அத்தகைய கண்ணோ கழுத்தோ இல்லை என்று ஒருவரும் குறை சொல்வதில்லை, ஏனெனில் அவை அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த உருவம் ஆட்களின் தோளில் ஏறி முன்னும் பின்னும் சாய்ந்து சுழன்று ஆடவேண்டும். பொழுது சாயும் நேரத்தில், புழுதிக்கு நடுவே, வீதியின் மறுகோடியில் நிற்கும் பிள்ளைக்கும் அதன் கோபம் தெரியவேண்டும். யானைமுகம், சிங்கமுகம் என்று தலையை மாற்றவேண்டியிருப்பதால் கழுத்து ஒரு பொருத்தாகவும் வேலை செய்கிறது. மேலிருந்து இறங்கும் கழுந்து துளையில் இறுக உட்காரவேண்டுமானால் அது நேராகவும் தடிப்பாகவும் இருந்தே ஆகவேண்டும். ஆக, சூரனின் முகத்தில் நாம் காணும் மிகையும் சுருக்கமும் பயன்பாட்டிலிருந்து பிறந்தவை. செய்தவர் உடலைப் பார்த்து வரையத் தெரியாதவர் என்பதற்கு அவை சான்றாக மாட்டா. மன்னார்த் தீவின் பேசாலையில் திருப்பாடுகளின் காட்சிக்கு உருவங்களை அசைத்துக் காட்டும் உடக்குப்பாசிலும், கோயில் வாகனசாலையில் நிற்கும் குதிரையிலும் எருதிலும் பூதத்திலும் இதே நியாயம் உண்டு.

பயன்பாட்டைப் போலவே மரமும் கட்டளை இடுகிறது. களிமண்ணைப் போல மரம் எல்லாப் பக்கமும் ஒரே இயல்புடைய பொருள் அன்று. அடியிலிருந்து நுனி நோக்கி அதன் நார் ஓடுகிறது. நிமிர்ந்த அடிமரத்தில் ஓர் ஆளைச் செதுக்கும்போது காலும் உடலும் நார் ஓடும் திசையிலேயே அமைவதால் உறுதியாக நிற்கும். பக்கவாட்டில் நீட்டிய கையில் நார் குறுக்காக வெட்டுப்பட்டுத் துண்டு துண்டாகிவிடுவதால் ஒரு தட்டிலேயே முறிந்துவிடும். ஆகவே கையை உடலோடு ஒட்டவைத்துச் செதுக்கவேண்டும், அல்லது வேறு மரத்தில் நார் பார்த்து எடுத்து வந்து பொருத்தவேண்டும். உலகின் எந்த மூலையில் பிறந்த மரச்செதுக்காளரும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளுக்குத்தான் வந்துசேர்ந்திருக்கிறார். ஒன்றையொன்று அறியாத நாடுகளின் மர உருவங்கள் கையைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நிற்பதைப் பார்த்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்களோ என்று ஐயப்படுவோர் உண்டு. மரம் எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மரம் காய்வதில் உள்ள சிக்கலும் இத்தோடு சேரும். அடிமரத்தின் வெளிப்பகுதி விரைவாகவும் உட்பகுதி மெதுவாகவும் காய்வதால் வெளியிலிருந்து நடுவை நோக்கி வெடிப்பு விழும். ஐரோப்பாவின் இடைக்காலச் செதுக்காளர்கள் புனிதர் உருவங்களின் முதுகைக் குடைந்து உள்ளே வெற்றிடமாக்கியதும், எங்கள் வாகனங்கள் பல துண்டுகளாகச் செய்து பொருத்தப்படுவதும் இதற்கான விடைகள்தான். காவுகிறவர் தோளுக்குப் பாரம் குறைவது கூடுதல் நன்மை.

இனி மறுபக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் உயர்கலைச் சிற்பி பெரும்பாலும் களிமண்ணில் சிந்தித்தவர். பிரெஞ்சுச் சிற்பி ரோடனை எடுத்துக்கொள்வோம். அவர் களிமண்ணில் உருவத்தைப் பிடிப்பார். அதிலிருந்து சாந்துப் படி வார்க்கப்படும். பின்னர் கூலிக்கு அமர்த்தப்பட்ட கைதேர்ந்த செதுக்காளர்கள் புள்ளி அளக்கும் கருவியால் அளவெடுத்து அதைப் பளிங்குக்கு மாற்றுவார்கள், அல்லது வார்ப்பாளர்கள் வெண்கலத்தில் ஊற்றுவார்கள். கல்லோ உலோகமோ இறுதியில் வந்துசேரும் ஒரு சட்டை மாத்திரமே. உருவத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு இல்லை. மரம் அந்த அமைப்பில் தளபாடத்துக்கும் ஊர்த் தேவாலயத்துக்கும் உரிய தாழ்ந்த பொருளாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு எதிராக எழுந்த கொள்கைக்கு நேரடிச் செதுக்கல் என்று பெயர்: முன்மாதிரி செய்யாமல் சிற்பியே உளியும் கொட்டாப்புளியும் எடுத்து, மரம் அல்லது கல் காட்டும் வழியில் உருவத்தைக் கண்டுகொண்டு போவது. ஊர்த் தச்சருக்கு இது கொள்கையே அல்ல, நாளாந்த வேலை முறை. அதை ஒரு கொள்கையாக அறிவிக்கவேண்டிய நிலை வந்ததே, உயர்கலை தன் பொருளிடமிருந்து எவ்வளவு தூரம் விலகிப்போயிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இந்த வகைச் சிற்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை மட்டும் காட்டச் சொன்னால், எலீ நாடெல்மன் செய்த 'டாங்கோ' என்ற உருவத்தையே காட்டுவேன். நாடெல்மன் 1882இல் போலந்தின் வார்சோவில் பிறந்தவர். 1904இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது அங்கிருந்த பழங்கிரேக்கச் சிற்பங்களையும், பவேரிய அரும்பொருளகத்தில் இருந்த பழைய பொம்மைகளையும் நாட்டார் பொருள்களையும் ஒரே காலத்தில் பார்த்தார். பின்னர் பாரிசுக்குப் போய்ப் பளிங்குத் தலைகளால் பெயர் பெற்றார். முதலாம் உலகப் போர் மூண்டதும் 1914இல் நியூயோர்க்குக்குப் புலம்பெயர்ந்தார். 'டாங்கோ' ஏறத்தாழ 1920க்கும் 1924க்கும் இடையில் செய்யப்பட்டது. செரி மரம், ஏறக்குறைய மூன்று அடி உயரம், இன்று நியூயோர்க்கின் விட்னி அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆடுகிறார்கள். ஆணுக்குக் கறுப்பு மாலை உடை, பெண்ணுக்கு வெளிர் நிற நீள்சட்டை. தலைகள் உருண்டை, தலைமயிர் ஒரே வண்ணப் பரப்பு, முகத்தில் மிகச் சில கோடுகள். உடலில் எலும்பு இருப்பதற்கான அடையாளமே இல்லை: தோளிலிருந்து இடை, இடையிலிருந்து தொடை என்று ஒரு வளைவு மற்றொன்றில் வழுக்கி இறங்கி, மிகச் சிறிய பாதத்தில் கூராக முடிகிறது. இருவரும் மிக நெருங்கி நிற்கிறார்கள், ஆனால் டாங்கோ என்றால் நாம் எதிர்பார்க்கும் இறுகிய அணைப்பு இல்லை. டாங்கோ அக்காலத்தில் ஆர்ஜென்டினாவிலிருந்து பாரிசுக்கும் நியூயோர்க்குக்கும் வந்து, நாகரிகமானவர்களைப் பித்துப் பிடிக்கவைத்தும் பெரியவர்களை முகஞ்சுளிக்கவைத்தும் பரவிக்கொண்டிருந்த நகரத்து ஆட்டம். அந்த நகரத்து இரவுக் காட்சியை நாடெல்மன் கிராமத்துப் பொம்மையின் உடலில் ஏற்றுகிறார். பொருள் முற்றிலும் புதியது, உடல்மொழி பழையது. இந்த இடைவெளியில்தான் சிற்பத்தின் மெல்லிய நகைச்சுவையும் அதற்குக் கீழே உள்ள தனிமையும் இருக்கின்றன. பொம்மையை அப்படியே பொம்மையாகச் செய்திருந்தால் இரண்டுமே கிடைத்திரா.

அதன் மேற்பரப்பைத் தனியே பார்க்கவேண்டும். மரத்தின்மேல் சுண்ணத்தூளும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம். அந்த வண்ணம் பல இடங்களில் தேய்ந்து மரம் வெளியே தெரிகிறது. பல தலைமுறைப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடித் தேய்ந்த பொருள்போல இருக்கிறது, ஆனால் எந்தப் பிள்ளையும் அதைத் தொட்டதில்லை. தேய்வு சிற்பி வேண்டுமென்றே உண்டாக்கியது.

நாட்டார் கலைக்கும் அதன் தாக்கம் பெற்ற நவீன கலைக்கும் இடையிலான கோடு இந்தத் தேய்வில் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். கோயில் வாகனம் செய்தவர் தேய்வை விரும்புவதில்லை, கோயிலாரும் விரும்புவதில்லை, திருவிழா நெருங்கும்போது புது வண்ணம் அடிப்பதுதான் மரியாதை. தேய்வில் அழகு காண்பவர் அதைப் பயன்படுத்தாதவர், சேகரிப்பவர். நாடெல்மன் சேகரிப்பாளராகவும் இருந்தார். 1919இல் திருமணமான பின்னர் அவரும் மனைவி வயோலாவும் பொம்மைகள், காற்றுத் திசைகாட்டிகள், கடைவாசல் உருவங்கள், வீட்டுப் பாவனைப் பொருள்கள் எனப் பல்லாயிரம் நாட்டார் பொருள்களைச் சேர்த்து, 1926இல் நியூயோர்க்கின் ரிவர்டேல் பகுதியில் அவற்றுக்கென ஓர் அரும்பொருளகத்தையே திறந்தார்கள். 1929இன் பொருளாதாரச் சரிவு அவர்களுடைய செல்வத்தைக் கரைத்தது. 1937இல் அந்தச் சேகரிப்பு நியூயோர்க் வரலாற்றுக் கழகத்துக்கு விற்கப்பட்டது. அதன்பின் அவர் பொதுவெளியிலிருந்து ஒதுங்கிச் சிறு சிறு உருவங்களைச் செய்தபடி இருந்து 1946இல் காலமானார். 1948இல் நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகம் அவருடைய படைப்புகளைத் திரட்டிக் காட்டியபோதே பலர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லிவிடவேண்டும், ஏனெனில் தொடக்கநிலை வாசகர் அடிக்கடி குழம்புவது இதில்தான். நாட்டார் தாக்கமும் நேரடிச் செதுக்கலும் ஒன்றல்ல. நாடெல்மன் தம் மர உருவங்கள் பலவற்றை முதலில் சாந்தில் செய்து பார்த்த பின்னரே மரத்துக்குப் போனவர். அவர் நாட்டார் கலையிடமிருந்து எடுத்துக்கொண்டது முதன்மையாக உருவச் சுருக்கத்தையும் மேற்பரப்பையும். வேலைமுறையை எடுத்துக்கொண்டவர் வேறொருவர்.

கொன்ஸ்டான்டின் பிராங்குசி 1876இல் ருமேனியாவின் ஹோபிட்சா என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டு முற்றத் தூண்களையும் வாயிற்கதவுகளையும் ஓக் மரத்தில் செதுக்கும் வழக்கம் உள்ள பகுதி அது. கிரயோவா நகரின் கைத்தொழிற்பள்ளியில் மரவேலை கற்று, புக்கரெஸ்டில் கலைக்கல்லூரிப் பயிற்சி பெற்று, 1904இல் பாரிசை அடைந்தார். 1907இல் ரோடனின் பட்டறையில் சேர்ந்தவர் சிறிது காலத்திலேயே விலகிவிட்டார். களிமண்ணில் செய்து பிறரிடம் கொடுக்கும் முறை, வாளும் கோடரியும் பிடித்துப் பழகிய கைக்கு ஒத்துவராமல் போனதில் புதுமை இல்லை. 1914-15 அளவில் 'ஊதாரி மகன்' என்ற உருவத்தை ஓக் மரத்தில் செய்தார். தலைப்பைத் தெரிந்துகொண்டு பார்த்தால் முழந்தாளிட்டுக் குனிந்த ஓர் ஆள் தெரிவார். தெரியாமல் பார்த்தால் ஏதோ பழைய செக்கின் உறுப்போ வண்டியின் உறுப்போ போலத் தோன்றும். இரண்டும் ஒருங்கே தோன்றவேண்டும் என்பதே அதன் நோக்கம் என எனக்குப் படுகிறது.

1918இல் அவர் ஓக் மரத்தில் வெட்டிய 'முடிவிலாத் தூண்' உருவச் சிற்பம் அன்று. ஆயினும் அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளைப் பேசமுடியாது. நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்கும் ஓர் அலகு, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போகிறது. இடை ஒடுங்கிய மர உரல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் புதிதாக இராது. ருமேனியக் கிராமத்து வீட்டுத் தூண்களில் இதே அடுக்கு உண்டு. வீட்டுத் தூண் கூரையைத் தாங்குகிறது. எனவே அது எங்கோ ஓரிடத்தில் முடிந்தாகவேண்டும். பிராங்குசி கூரையை எடுத்துவிட்டார். மேலும் ஏறிக்கொண்டே போகலாம் என்ற எண்ணம் அந்த ஒரு நீக்கத்தில் பிறந்தது. முதலாம் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1938இல் தர்கு ஜியு நகரில் இதே வடிவத்தை ஏறத்தாழ 29 மீற்றர் உயரத்தில் வார்ப்பிரும்பில் எழுப்பினார். அது அமைந்த நினைவுத்தொகுதி 2024இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மற்றவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு ஓவியர் போல் கோகான் 1890இல் மரப்பலகையில் புடைப்புருவம் செதுக்கி வண்ணமும் பூசினார். அவர் அதற்கு முன் பிரான்சின் பிரித்தானி மாகாணத்துக் கிராமங்களில் வாழ்ந்தவர். ஜேர்மனியரான எர்ன்ஸ்ட் பார்லாக் 1906இல் ரஷ்யப் பேரரசின் தென்பகுதிக்குப் பயணம் செய்து, தடித்த மேலங்கியில் உடல் முழுதும் மறைந்த உழவர்களைக் கண்டுவந்தபின் மரத்துக்குத் திரும்பினார். அவருடைய ஆட்களுக்குத் துணி மடிப்பே உடல். நியூயோர்க்கில் வாழ்ந்த கைம் குரோஸ் மரம் அறுக்கும் தொழிலோடு தொடர்புடைய குடும்பத்தில் வளர்ந்தவர். நீரில் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனமான லிக்னம் விட்டே போன்ற வைர மரங்களில் கழைக்கூத்தாடிகளைச் செதுக்கினார். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் காட்சியை அவர் தெரிந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் என்பது, நிமிர்ந்த அடிமரம் ஒன்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். எங்கள் பக்கத்தில், மரம் அல்லாவிட்டாலும், இந்தியச் சிற்பி மீரா முகர்ஜியைக் குறிப்பிடவேண்டும். பஸ்தர் பகுதியின் உலோக வார்ப்பாளர்களிடம் நேரே போய்க் கற்று அவர்களுடைய முறையைத் தம் வெண்கலச் சிற்பங்களுக்கு அடித்தளமாக்கினார். கற்றது யாரிடம் என்பதை மறைக்காமல் இருப்பது அரிய பண்பு. இந்த வரலாற்றில் அது எல்லோரிடமும் இருந்ததாகச் சொல்லமுடியாது.

பெயர் என்ற சிக்கல் இங்கே எழுகிறது. அரும்பொருளகத்தில் நாடெல்மன் பெயரோடு நிற்கிறார். அவர் சேகரித்த பொம்மைகள் பலவற்றைச் செய்தவருக்குப் பெயர் இல்லை. இதை வைத்து நாட்டார் கலைஞர் தனித்தன்மை அற்றவர் என்று முடிவுகட்டுவது தவறு. ஓர் ஊரின் வாகனத்தை எந்தப் பட்டறை செய்தது, எந்த ஆசாரியாரின் குதிரைக்குக் கழுத்து நிமிர்ந்திருக்கும், யாருடைய சிங்கம் சிரிப்பதுபோல் இருக்கும் என்பதை அந்த ஊர்க் கோயிலாருக்கு நன்றாகத் தெரியும். கண்திறத்தலுக்கும் வெள்ளோட்டத்துக்கும் அவர் முன்னே நிறுத்தப்பட்டு வேட்டி சால்வையோடு சிறப்பிக்கப்படுகிறார். அவருடைய பெயர் பொருளின்மேல் பொறிக்கப்படவில்லை, ஊரின் பேச்சில் இருக்கிறது. பொருள் ஊரைவிட்டுப் போகும்போதுதான் பெயர் உதிர்கிறது. வன்னியில் இடப்பெயர்வுகளின்போது ஊரே பொருளை விட்டுப் போகவேண்டி வந்தது. பழைய வாகனங்கள் பல அழிந்தும் தவறியும் போனதால், மீள்குடியேற்றத்தின் பின்னர் எழுந்த கோயில்களில் இன்று காண்பவற்றில் பல புதியவை. எஞ்சிய பழையவற்றின்மேல் பளபளக்கும் எனாமலை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போவது என் பார்வையில் நல்ல பழக்கம் அன்று. ஒவ்வொரு பூச்சும் உளி விட்ட விளிம்பைக் கொஞ்சம் மழுங்கச் செய்கிறது. சில ஆண்டுகளில் சிங்கத்தின் பிடரி வெறும் மேடாகிவிடுகிறது. பழைய பூச்சைப் பக்குவமாக நீக்கிவிட்டுப் புதியதை மெல்லியதாக அடித்தால் கோயிலின் மரியாதையும் குறையாது, ஆசாரியாரின் கையும் அழியாது.

நவீன மரச்சிற்பம் ஒன்றின் முன் நிற்கும்போது என்ன கேட்பது? இது நாட்டார் கலையிடமிருந்து தோற்றத்தை எடுத்துக்கொண்டதா, வேலைமுறையை எடுத்துக்கொண்டதா என்று முதலில் கேளுங்கள். பெரிய கண்ணையும் உருண்டை முகத்தையும் ஒட்டவைத்துவிட்டு, கையை மட்டும் நாரைப் பொருட்படுத்தாமல் பக்கவாட்டில் நீட்டி உள்ளே இரும்புக்கம்பி செருகியிருந்தால், அது தோற்றத்தோடு நின்றுவிட்ட வேலை. சுற்றுலாக் கடைகளில் அத்தகைய 'கிராமிய' உருவங்கள் ஏராளம். அடுத்து, எது விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சூரனில் விரல்நகம் விடப்பட்டது தூரத்திலிருந்து தெரியாது என்பதால். நாடெல்மன் விரலை விட்டது, நுனியில் விரல்கள் பிரிந்தால் தோளிலிருந்து வரும் வளைவு அங்கே சிதறிவிடும் என்பதால். முதலாவது தேவை, இரண்டாவது தெரிவு. பிறகு பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்பக்கத்தில் வெகுவாகச் சிந்தித்த சிற்பி முதுகை என்ன செய்திருக்கிறார் என்பது அவருடைய மரவறிவைச் சொல்லிவிடும்.

செய்து பார்க்க விரும்புகிறவருக்கு வன்னியில் மரத்துக்குக் குறைவில்லை என்றாலும், முதிரை போன்றவற்றை அனுமதியின்றித் தறிக்கவோ ஏற்றவோ முடியாது. தளபாடப் பட்டறைகளில் கழியும் துண்டுகளும், இடித்த பழைய வீடுகளின் வளைகளும் அதைவிட நல்ல தொடக்கம். பிராங்குசியும் பழைய ஓக் உத்திரங்களை விரும்பிப் பயன்படுத்தியவர்தான். வைரம் பாய்ந்த முதிரை தொடக்கத்தில் உளியை எதிர்க்கும். வேம்பு ஓரளவு இடங்கொடுக்கும். பச்சை மரம் இலகுவாக வெட்டுப்படும், ஆனால் காயும்போது வெடிக்கும். பழைய வளை அநேகமாக வெடித்து முடித்துவிட்டே நம் கைக்கு வருகிறது. அந்த வெடிப்பை அடைப்பதா விடுவதா என்பதை உளி வைக்கும் முன்பே யோசிப்பது நல்லது. கோயில் வாகனத்தில் அது நிரப்பி மறைக்கவேண்டிய குறை. பிராங்குசியின் ஓக் உருவங்களில் அது மறைக்கப்படாமல், வாள் பல்லின் தடத்தோடு சேர்ந்து, உருவத்தின் ஒரு கோடாகவே நிற்கிறது.